மாப்பிள்ளை சொன்னதும் டாக்டரிடம் நான் சொன்னதும்

என் தங்கை வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மாப்பிள்ளை முறை, வயதில் ஒன்பது வருஷம் சின்னவர். வேலை பார்க்கிற இடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘டபுள் செக்’. பட்டப்பெயர் வைப்பதில் லிஃப்ட்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதே கம்பெனியில் நான் உதிரிபாக ஸ்டோர் பார்க்கிறேன். எனக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷனுக்கு என்ன பெயர் வைப்பார்களோ அதுதான்.

இந்த நாட்டுக்கு வந்து எனக்குப் பதினெட்டு வருஷம், மாப்பிள்ளைக்கு ஐந்து. கூப்பிட்டது நான்தான். விசாவுக்கு அலைந்தது, ஏர்போர்ட்டில் போய் நின்றது, மேனேஜரிடம் “என் தங்கச்சி புருஷன், தங்கமான ஆள்” என்று கொண்டுபோய் நிறுத்தியது எல்லாம் நான். தங்கையும் ஏழு வயது மகளும் ஊரில். என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஊரில்தான். நாங்கள் இரண்டு பேரும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு இரண்டு அறை வீட்டில் இருந்தோம். சமையல் அவர், பாத்திரம் நான். அந்தப் பங்கீட்டில் எனக்குத்தான் லாபம், அவர் கை அப்படி.

லிஃப்டில் இரண்டு கதவு உண்டு. உள்கதவு பெட்டியோடு போகும். வெளிக்கதவு மாடிக்கு ஒன்றாக நின்ற இடத்திலேயே நிற்கும். பெட்டி அந்த மாடியில் இல்லாதபோது வெளிக்கதவு திறக்கவே கூடாது. திறந்தால் முன்னால் இருப்பது வெறும் குழி. அதனால் ஒவ்வொரு வெளிக்கதவுக்கும் ஒரு பூட்டு. அதை வெளியிலிருந்து திறக்க முக்கோணத் தலை வைத்த ஒரு சாவி உண்டு, மெக்கானிக்குகளிடம் மட்டும் இருக்கும். வேலை முடிந்ததும் மாடி மாடியாக ஏறிக் கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். மாப்பிள்ளை இரண்டு தரம் இழுப்பார், பெயர் அப்படி வந்ததுதான். பிறகு மூன்றானது. அப்புறம் கீழே இறங்கி வந்து, பையைத் தோளில் மாட்டி, மறுபடியும் மேலே போக ஆரம்பித்தார்.

கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜருக்கோ ஒரே பூரிப்பு. நோட்டீஸ் போர்டில் மாப்பிள்ளையின் போட்டோவைப் போட்டு, பாதுகாப்பில் முதல் ஆள் என்று கீழே அச்சடித்து ஒட்டினார். ஒரு மனுஷனின் வியாதியைப் பாராட்டி போட்டோ ஒட்டிய கம்பெனி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். நானும் அந்தப் போட்டோவை செல்போனில் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். பெருமை வேறு.

ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. கதவுப் பூட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று வாங்கிப்போகிறவர், ஒரு மாதத்தில் பத்தொன்பது வாங்கினார். கழற்றிக் கொண்டுவந்த பழசை மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதும் புதுசு மாதிரி இருந்தன.

“என்ன மாப்ள இது, நல்ல பூட்டைக் கழட்டிக்கிட்டு வர்றீங்க?”

“நல்லாத்தான் இருக்கு மச்சான். எனக்குத் தெரியுது. ஆனா கை ஒத்துக்க மாட்டேங்குது.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்காரச் சொல்லி என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். கத்தினேன். ஸ்டோர் என்ன உங்க மாமனார் வீடா என்றேன். அவருடைய மாமனார் என் அப்பா. அது கோபத்தில் ஞாபகம் வரவில்லை. அவர் சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்து நான் பார்த்தது அதற்குப் பிறகு ரொம்ப நாள் இல்லை.

அப்புறம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு “ஒரு நிமிஷம் மச்சான்” என்று கிளம்பி, இரண்டு பஸ் மாறிப்போய் காலையில் வேலை பார்த்த கட்டடத்தின் கதவுகளை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். அங்கிருந்த வாட்ச்மேன் எனக்குப் போன் பண்ணி, உங்கள் ஆள் இந்த வாரத்தில் நான்காவது தடவை வந்திருக்கிறார், லிஃப்டில் ஏதாவது ஆபத்தா, குடியிருக்கிறவர்கள் பயப்படுகிறார்கள் என்றார். சோறு குழைந்து கஞ்சியாகிக் கிடந்தது. மாப்பிள்ளையின் வலது கை விரல் நுனியெல்லாம் கதவு விளிம்பில் இழுத்து இழுத்துத் தோல் உரிந்து போயிருந்தது.

தங்கை வீடியோ காலில் கண்டுபிடித்திருந்தாள். “அண்ணா, அவர் வாசக்கதவு பூட்டியாச்சான்னு என்னை ஒன்பது தடவை கேட்டார். பாப்பாவைப் போய் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அது பயந்து அழுதிடுச்சு. எனக்கு என்னமோ சரியாப் படல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போண்ணா.”

டாக்டர் என்றால் எந்த டாக்டர்? பல்வலி என்றால் எந்தத் தெருவில் யார் என்று பதினெட்டு வருஷ அனுபவத்தில் தூக்கத்திலும் சொல்வேன். மனசுக்கு யாரைப் பார்ப்பது? நம் ஆட்கள் இருநூறு பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில், நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்று போட்டேன். அந்த நண்பர் நீங்கள்தானே, உங்கள் கோபத்துக்கு எப்போதோ போயிருக்க வேண்டும் என்று முதல் பதில் வந்தது. காலையில் ஓடச் சொல்லுங்கள், செல்போனைப் பிடுங்கி வையுங்கள், கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று வரிசையாக வந்தன. டாக்டர் பெயர் ஒன்றுகூட வரவில்லை. ஒரே ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: “எனக்கும் தேவைப்படுது. கிடைச்சா சொல்லுங்க.” அந்த ஆள் குழுவில் தினமும் ஜோக் போடுகிறவர்.

ஊரிலிருந்து தங்கை ஒரு டாக்டரை வீடியோவில் பிடித்துக் கொடுத்தாள். நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். “இதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு, பேசிச் சரிபண்ற சிகிச்சையும் இருக்கு. ஆனா நான் எழுதற சீட்டுக்கு அங்க மருந்து தர மாட்டாங்க. வாராவாரம் நேர்ல பார்க்க ஒருத்தர் வேணும். அங்கயே தேடுங்க” என்றார்.

தேடினோம். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஸ்டோர் போனிலிருந்து பதினொரு இடத்துக்குப் பேசினேன். புது ஆட்களை எடுப்பதில்லை என்றார்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் செல்லாது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் கழித்து ஒரு நாள் கிடைத்தது. ஒன்பது வாரம் என்றால் என்னவென்று காத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் எனக்கு உள்ளூர ஒரு பயம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வருஷா வருஷம் உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். மனநோய் என்று எங்காவது எழுதிவிட்டால் சான்றிதழ் போச்சு, வேலை போச்சு. வேலை போனால் விசா போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், என்னாச்சு என்று கேட்கிற நாலு பேருக்கு அவர் என்ன சொல்வார்? என் தங்கை என்ன சொல்வாள்? கூப்பிட்டு வந்தவன் நான் அல்லவா?

அந்த நாள் வந்தது. ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் சின்ன அறை. மேஜை ஒரு ஓரமாக, நடுவில் மூன்று நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் டிஷ்யூப் பெட்டி. டாக்டர் அம்மாவுக்கு என் வயதிருக்கும். எடுத்தவுடன், போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம், காசு கிடையாது, வீட்டு ஆட்களை வைத்துப் பேசுவதைவிட அது நல்லது என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊர் பாஷையில் பதினெட்டு வருஷமாகச் சண்டை போட்டு ஜெயிக்கிறவன் நான். எங்கள் வீட்டு விஷயத்தைக் கேட்க மூன்றாம் மனுஷன் எதற்கு? வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை பேசினார். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர், தலையைக் குனிந்துகொண்டு கால் மணி நேரம் பேசினார். கதவைப் பற்றி, விரலைப் பற்றி, ஏதோ ஒரு குழந்தை கதவில் சாய்ந்து உள்ளே போவது மாதிரி ஒரு நாளைக்கு நூறு தடவை கண்ணுக்குள் வருவதைப் பற்றி. அந்தக் குழந்தைக்கு அவர் மகளுடைய கவுன். கடைசியில் சொன்னார்:

“போன வாரம் பதினோராவது மாடியில சாவி போட்டுக் கதவைத் திறந்தேன் மச்சான். வேலை ஒண்ணும் இல்ல. சும்மா திறந்து வச்சுக்கிட்டுக் கீழ பார்த்துட்டே நின்னேன். விழுந்துட்டா இனிமே எதையும் இழுத்துப் பார்க்க வேண்டாமேன்னு இருந்துச்சு. அப்ப மனசு ரொம்ப அமைதியா இருந்துச்சு மச்சான். அதான் பயமா இருக்கு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். “வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார். தூக்கம் வருவதில்லை” என்றேன்.

“அவர் நிறைய நேரம் பேசினாரே” என்றார் டாக்டர்.

“எங்கள் மொழியில் எதைச் சொல்லவும் நிறைய வார்த்தை வேண்டும்” என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று இவரிடம் கேளுங்கள் என்றார். நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். “சாப்பாட்டுல எதாவது பிரச்சினை இருக்கான்னு கேக்கறாங்க” என்றேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். “இல்லையாம்” என்றேன் டாக்டரிடம்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், கம்பெனிக்குக் கடிதம் போகும், தங்கை அழுவாள் என்று ஆயிரம் காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தங்கை புருஷன் சாக நினைத்தார் என்பதை என் வாயால் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதுதான் உண்மை. டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, “எல்லாம் சரியாயிடும் மாப்ள” என்றேன். அவர் டீயைக் குடித்தார்.

மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். மாப்பிள்ளை பஸ் மாறிப்போய்க் கதவை இழுப்பதை நிறுத்திவிட்டார். பூட்டு கேட்கவில்லை. சாயங்காலம் வந்தால் சமைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தங்கையிடம், “ஆள் தேறிட்டார், கவலைப்படாதே” என்று அடித்துச் சொன்னேன். சமையலில் உப்பு இல்லாமல் போனது, மகள் போனில் பேசும்போது இவர் பதில் சொல்லாமல் இருந்தது எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். பூசி மெழுகுவதில் ஒரு வேகம் வந்துவிட்டால் கை அதுவாகவே மெழுகிக்கொண்டு போகும்.

ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ஸ்டோர் ஜன்னலைத் திறக்கிறேன், மாப்பிள்ளை நிற்கிறார். பாக்கெட்டிலிருந்து அந்த முக்கோணச் சாவியை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

“இதை வாங்கி வச்சுக்கோங்க மச்சான். இது எங்கிட்ட இருக்க வேண்டாம்.”

லிஃப்ட் மெக்கானிக் எவனும் அந்தச் சாவியைக் கொடுக்க மாட்டான். குளிக்கப் போனால்கூடச் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். தொலைத்துவிட்டால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் வேலையில் இருக்கிற ஒருவர் தானாகக் கொண்டுவந்து வைத்து நான் பார்த்ததில்லை. அவர் ஏன் வைத்தார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரால் முடிந்ததைச் செய்கிறார். நான்?

ஸ்டோரை அப்படியே பூட்டினேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் மோட்டார் பெல்ட்டுக்கு நின்று கத்தினார்கள். மேனேஜர் போன் அடித்தது, எடுக்கவில்லை. “எங்க போறோம் மச்சான்?” என்றார். “டாக்டர்கிட்ட. இந்த தடவை ஒழுங்கா” என்றேன். டாக்ஸியில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். அவரும் விடச் சொல்லவில்லை.

முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார் கவுன்ட்டர் பெண். என் கோபம் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான். அரை மணியில் அதே டாக்டர் அம்மா இறங்கி வந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே கேட்டேன்.

மேஜை மேல் ஒரு போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு பெண் குரல், நம் தமிழ். “வணக்கம். இங்க யார் எது பேசினாலும் மத்தவங்களுக்கு அவங்க பாஷையில சொல்வேன். யார் பேசினாலும் ‘நான்’னுதான் சொல்வேன், அவங்க சொல்ற மாதிரியே. எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

குறைக்கவும் மாட்டேன் என்றதும் நான் தரையைப் பார்த்தேன். பிறகு டாக்டரிடம், முதலில் நான் பேச வேண்டும் என்று சொல்லி, இந்த ஊர் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, அது மாப்பிள்ளைக்கும் போகப்போகிறது என்று. போனிலிருந்து அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது:

“போன தடவை இவர் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லல. பதினோராவது மாடியில கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னதா சொன்னார். விழுந்துட்டா நல்லதுன்னு தோணுச்சுன்னு சொன்னார். தூக்கம் வரலன்னு மட்டும்தான் நான் சொன்னேன். சாகணும்னு தோணுதான்னு நீங்க கேட்டதை நான் இவர்கிட்ட கேக்கவே இல்ல. சாப்பாட்டைப் பத்திக் கேட்டேன். இவர் இல்லன்னு தலையாட்டினார்.”

என் வாக்குமூலத்தை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரலில், ‘நான்’, ‘நான்’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“கவனிச்சேன் மச்சான்” என்றார். போனைப் பார்த்துத்தான் சொன்னார். “நான் அவ்வளவு நேரம் சொன்னதை நீங்க ஒரு வரியில முடிச்சீங்க. இந்த ஊர் பாஷையில அது அவ்வளவுதான் போல, இங்க இதெல்லாம் பெரிய விஷயம் இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். மாத்திரை குடுத்தாங்க. சரி, எனக்கு இருக்கறதுக்கு இவ்வளவுதான் வைத்தியம்னு விட்டுட்டேன்.”

அந்தக் குரல் அதை அப்படியே டாக்டருக்குச் சொன்னது, கூட்டாமல் குறைக்காமல். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஐம்பது வயது ஆள், வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டர் டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு, மாப்பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த முறை அது நேராக அவரிடம் போய்ச் சேர்ந்தது.

“தோணுது” என்றார் மாப்பிள்ளை. “தினமும்.”

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை குரல் மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். முடிந்ததும் நர்ஸ் அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். பெல்ட்டையும் ஷூ லேஸையும் உருவி என் கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை செல்போனையும் கொடுத்தார்.

“உங்க தங்கச்சிகிட்ட நீங்க பேசிடுங்க மச்சான்” என்றார். “முழுசா சொல்லுங்க.”

பதினாறு நாள் அங்கே இருந்தார். கம்பெனியில் கேட்டபோது நானே போய் உண்மையைச் சொன்னேன். மேனேஜர் போட்டோவைக் கழற்றினார், ஆளைக் கழற்றவில்லை. ஆறு மாதத்துக்குக் குழிப்பக்கம் போகக் கூடாது என்று கம்பெனி டாக்டர் எழுதியதால் இப்போது ஒர்க்‌ஷாப்பில் கதவுப் பலகை பொருத்துகிறார். வாரம் ஒரு நாள் டாக்டரிடம் போகிறார், நடுவில் அந்த போன் குரல் உண்டு. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் மறுபடியும் பூசி மெழுகுகிறேன் என்று அர்த்தம். சில நாள் வீட்டுக் கதவை ஐந்து தரம் இழுக்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன், கத்துவதில்லை.

அவரைச் சேர்த்த அன்றைக்கு வார்டு வாசலில் நின்றுகொண்டு தங்கைக்குப் போன் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணி. பெல்ட் கையில் சுருண்டிருந்தது. குழந்தை, கவுன், சாவி, பதினோராவது மாடி, தினமும் என்றது, எல்லாவற்றையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

“வேற எதாவது விட்டுட்டியாண்ணா?” என்றாள் கடைசியில்.

அவர் சொன்னதில் எதையும் விடவில்லை. என்னுடையதைத்தான் விட்டிருந்தேன்.

“அவர் இதையெல்லாம் மூணு வாரத்துக்கு முன்னாடியே டாக்டர் முன்னால சொன்னார். நான்தான் அதை அவங்க பாஷையில சொல்லாம விட்டுட்டேன்.”

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

“இப்ப அவர் பக்கத்துல யாரு இருக்கா?”

“நர்ஸ் இருக்காங்க. நான் வாசல்ல இருக்கேன்.”

“அங்கயே இருண்ணா. எங்கயும் போயிடாதே. உன்னைத் திட்டறதுக்கு நான் நாளைக்குப் போன் பண்றேன்.”

சரி என்றேன். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.